அடி பட்டதை யார் சொல்வது? மத்தியகாலப் பாணி மோதல்களுக்கு மூன்று மேற்பார்வை முறைகள்

பத்துப் பேர் சேர்ந்து கவசம் சேர்த்தாயிற்று, ஆயுதங்கள் தயார், இடமும் கிடைத்துவிட்டது. அடுத்து முடிவு செய்ய வேண்டியது: அடி பட்டதா இல்லையா என்று யார் சொல்வது? வெறும் புள்ளிக் கணக்குதானே என்று நினைத்துப் பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில், களத்தின் பாதுகாப்பைப் பார்க்க எத்தனை கண்கள் மிச்சமிருக்கும் என்பதை இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. வாள் நுனி எங்கே தொட்டது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அதே நொடியில் தலைக்கவசத்தின் தாடைப்பட்டை அவிழ்ந்து தொங்குவது தெரியாது. ஒரு ஜோடிக் கண்ணுக்கு ஒரு வேலைதான் கொடுக்க முடியும். கீழே உள்ள மூன்று முறைகளையும் இந்த ஒரு கணக்கை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

வாங்கியவர் சொல்வதே தீர்ப்பு

1966 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த போட்டியிலிருந்து வளர்ந்தது, மத்தியகால வாழ்க்கையை மீட்டு நடத்திப் பார்க்கும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் என்ற சங்கம். எஸ்.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இவர்களுடைய கனகவச மோதலில் ஆயுதம் பிரம்பு. விட்டம் குறைந்தது ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர். கவசம் உண்மையான கவசம்.

அடி சரியாக விழுந்ததா என்பதை அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். தலையிலோ உடம்பிலோ போதுமான வேகத்தில் விழுந்தால் அவர் தோற்றார். கையில் விழுந்தால் அந்தக் கை போயிற்று, மற்றக் கையால் தொடரலாம். தொடையில் விழுந்தால் முழங்காலிட்டுச் சண்டையிடுவார். முழங்காலுக்கு ஓர் அங்குலம் மேலிருந்து பாதம் வரை குறி கிடையாது. மணிக்கட்டுக்குக் கீழும் கிடையாது. மார்ஷல், அதாவது களத்தை மேற்பார்க்கும் அதிகாரி, 'அடி விழுந்தது' என்று தீர்ப்புச் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் கேட்கலாம், அவ்வளவுதான்.

அடியைப் பார்க்கும் பொறுப்பு இல்லாததால், மார்ஷலின் கண் முழுக்க வேறு விஷயங்களுக்குக் கிடைக்கிறது. தடுமாறும் கால், டேப் பிரிந்த வாள், பார்வையாளர் கயிற்றுக்கு அருகே வந்துவிட்ட குழந்தை, மூச்சு வாங்கித் தலையைத் தொங்கப்போடும் ஆட்டக்காரர், எல்லாம் தெரியும். ஒரு வளையத்துக்கு, அதாவது ஒரு ஜோடி மோதும் களத்துக்கு, இரண்டு மார்ஷல்கள் போதும். பத்துப் பேர் உள்ள குழுவில் இருவர் மோதலாம், இருவர் பார்க்கலாம், ஆறு பேர் ஓய்வெடுக்கலாம் அல்லது அடுத்த ஆட்டத்துக்குக் கவசம் மாட்டலாம்.

இந்த முறை சீரழியும் விதம் ஒன்றுண்டு. அது மெதுவாக நடக்கும். விழுந்த அடியை ஒருவர் ஏற்க மறுக்கிறார். தமிழில் எருமைத்தோல் என்போமே, அவர்கள் இதைக் காண்டாமிருகத் தோல் என்கிறார்கள். பெரும்பாலும் இதில் ஏமாற்று எண்ணம் இருக்காது. கவசத்துக்கு அடியில் புதிதாக மெத்தை சேர்த்திருப்பார். அல்லது பரபரப்பில் உடம்பு மரத்திருக்கும். அடி விழும் திசையிலேயே தலையும் திரும்பினால் பாதி வேகம் வீணாகிவிடும். காரணம் எதுவானாலும், எதிராளி அடுத்த அடியைக் கூட்டித்தான் போடுவார். அதற்கடுத்தவர் அதைவிடக் கூட்டுவார். மூன்றாவது ஆட்டத்துக்குள் மைதானம் முழுவதும் வேகம் ஏறிவிடும், அப்புறம் மணிக்கட்டு முறிவும் மூளை அதிர்ச்சியும் வெகுதூரத்தில் இருக்காது. நேர்மைப் பிரச்சினையாகத் தொடங்கியது காயப் பிரச்சினையாக முடிகிறது.

மார்ஷல் இதைத் தொடக்கத்திலேயே கிள்ள வேண்டும். முதலில், இடைவெளியில் தாழ்ந்த குரலில் "அந்தத் தோள் அடி எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் தொனி வந்தால் காரியம் கெட்டது. அடுத்து, கவசத்தை மறுபடி பரிசோதித்து உள்மெத்தை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் தீரவில்லையென்றால் ஆட்டத்தை நிறுத்தி, இருவரும் ஒருவர் தலைக்கவசத்தில் ஒருவர் மெதுவாகத் தொடங்கி ஏறுவரிசையில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி, 'இந்த அளவு போதும்' என்று வாயால் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலை.

கொடி பிடிக்கும் நடுவர் குழு

வரலாற்று ஐரோப்பிய வாள்கலை, அதாவது ஹெமா போட்டிகளில், மழுங்கிய எஃகு வாள்களே வழக்கம். ஒரு தலைமை நடுவர், மூலைக்கு ஒருவராக இரண்டு அல்லது நான்கு துணை நடுவர்கள், கையில் சிவப்பு நீலக் கொடிகள். அடி விழுந்ததும் தலைமை நடுவர் "ஹால்ட்!" என்று நிறுத்துவார், கொடிகள் உயரும், பட்டது, படவில்லை, தெரியவில்லை, இருவருக்கும் பட்டது என்று வாக்கு விழும்.

ஒலிம்பிக் வாள்வீச்சும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. தலைவருக்கு ஒன்றரை வாக்கு, நான்கு நடுவர்களுக்குத் தலைக்கு ஒன்று. 1936 ஒலிம்பிக்கில் எப்பே என்ற வாள் வகையில், பட்டதைக் காட்டும் மின் கருவி வந்தது, 1956இல் ஃபாயில் என்ற வகையில் வந்தது. மனிதக் கண் தவறுகிறது என்பதுதான் கருவியைத் தேடக் காரணம். நீண்ட வாளைப் பார்க்கும் இன்றைய கொடி நடுவருக்கும் அதே கண்தான். ஆகவே 'தெரியவில்லை' என்று சொல்லும் நடுவரைப் பாராட்டுங்கள்; ஊகித்துக் கொடி தூக்குபவர்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறார். ஒவ்வொரு நடுவரும் ஒரே ஆட்டக்காரரின் வாளை மட்டும் பின்தொடர வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுத்தால் தவறுகள் வெகுவாகக் குறையும்.

இந்த முறைக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஆட்டம் நிற்பதால், கோபமோ வேகமோ தொடர்ந்து ஏற வழியில்லை. முகமூடி கோணியிருந்தாலும் அந்த இடைவெளியில் கண்ணில் படும். விலை வேறிடத்தில் இருக்கிறது. தலைமை நடுவர் கொடிகளை எண்ண வேண்டும், முதலில் யார் அடித்தார் என்று நினைவுகூர வேண்டும், புள்ளி மேசைக்குச் சொல்ல வேண்டும், இதற்கிடையில் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். கடைசி வேலைதான் முதலில் நழுவும். வளையத்தைச் சுற்றி ஐந்து பேர் நின்றும், வாளில் விழுந்த பிசிறை ஒருவரும் பார்க்கவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. புள்ளியில் சம்பந்தமே இல்லாத ஆறாவது ஆள் ஒருவர் வேண்டும்.

ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மோதுபவர் இருவர், நடுவர் ஐவர், புள்ளி மேசையில் ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர். பத்துப் பேர் குழுவில் ஒன்பது பேர் ஒரே ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஜோடி எப்போது கவசம் மாட்டும்? அவசரத்தில் மாட்டும். அவசரத்தில் மாட்டிய கவசத்தில்தான் பட்டை முறுக்கிக்கொள்கிறது.

எஃகுக்கான தற்காப்பும் வேறு கணக்கு. வாள்வீச்சு முகமூடியின் வலையைப் பரிசோதிக்க 12 கிலோ அழுத்தத்துக்கு அளவு செய்த குத்தூசிக் கருவி இருக்கிறது. கழுத்தை மூடும் துணி 1600 நியூட்டன் வரை தாங்கும் தரத்தில் கிடைக்கிறது. மேற்சட்டைகள் 350 அல்லது 800 நியூட்டன் தரத்தில் வருகின்றன. ஆனால் அந்த முகமூடி முன்பக்கக் குத்துக்காகப் பிறந்தது. பின்மண்டைக்குத் தனியாக ஒரு மூடி கட்டாவிட்டால், திரும்பும்போது விழும் வெட்டு நேராக எலும்பில் இறங்கும். கைவிரல்களுக்கும் இதே கதை: நீண்ட வாளுக்கு மெல்லிய தோல் கையுறை போதவே போதாது.

விழுந்தால் வெளியே

மூன்றாவது, பூஹர்ட், அதாவது முழுக் கவசத்தோடு எஃகு ஆயுதங்களால் அணிகள் மோதும் ஆட்டம். 2010இல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் நடந்த முதல் பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ் போட்டிக்குப் பின் உலகெங்கும் பரவியது. ஐவருக்கு ஐவர் அணி மோதல் இதில் பிரபலம். இரண்டு பாதங்களைத் தவிர உடம்பில் வேறெதுவும் தரையைத் தொட்டால் அவர் அந்தச் சுற்றில் இல்லை. கடைசியில் நிற்கும் அணிக்கு வெற்றி.

தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இருப்பதால் மார்ஷல்களின் கவனம் முழுவதும் விதிமீறலுக்கும் ஆபத்துக்கும் போகிறது. நாம் வைத்த கணக்குப்படி இது முதலிடம் பெற வேண்டும். பெறவில்லை. காரணம், ஆட்டத்தின் நோக்கமே ஆளைச் சாய்ப்பது. அடியின் வேகத்துக்கு இயல்பான வரம்பு கிடையாது. ஆயுதம் மழுங்கிய எஃகு, கவசம் 25 முதல் 35 கிலோ வரை. குத்துவதற்கு அனுமதி இல்லை. பிடரி, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், பாதம் ஆகியவற்றில் அடிக்கக் கூடாது. மீறினால் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. விழுந்தவர் மீது இன்னொருவர் விழுவதும், தடுப்புக் கட்டைக்கும் மற்றவர் கவசத்துக்கும் நடுவே கை சிக்குவதும் சில நொடிகளில் நடந்துவிடும். மார்ஷலும் தலைக்கவசம் போட்டு, உடல்பலத்தோடு உள்ளே நுழையக் கூடியவராக இருக்க வேண்டும். மருத்துவ உதவியாளர் களத்தோரம் நின்றே ஆக வேண்டும். ஓராண்டாவது வேறு முறையில் மோதிப் பழகாத குழுவுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

பரிசோதனை: கையால் தொட்டுப் பார்ப்பது

எந்த முறையைத் தேர்ந்தாலும் பரிசோதனையில் கை வைக்காமல் பார்வையால் மட்டும் தலையாட்டினால் பயனில்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பையில் இருக்கும் கவசத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். தலையும் கூடவே திரும்ப வேண்டும். தலைக்கவசம் மட்டும் தனியே சுழன்றால், அல்லது பின்னால் தள்ளும்போது கம்பி மூக்கைத் தொட்டால், உள்மெத்தை தேய்ந்துவிட்டது அல்லது தாடைப்பட்டை தளர்ந்திருக்கிறது. எஸ்.சி.ஏ. வழக்கில் உள்மெத்தை அரை அங்குலம் இருக்க வேண்டும், தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். ஓர் அங்குல விட்டமுள்ள மரக்குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகக்கம்பியின் எந்த இடைவெளியிலும் அது நுழையக் கூடாது. நடுப்பகுதியைப் பார்த்துவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இடைவெளி அகலமாவது பெரும்பாலும் ஓரத்தில், கம்பி தகட்டோடு சேரும் இடத்தில். அங்கே பற்றவைப்பு விட்டிருந்தால் நகத்தை ஓட்டினாலே வெடிப்புத் தட்டுப்படும்.

ஆயுதமும் கம்பியிடைவெளியும் ஒன்றுக்கொன்று அளவானவை என்பது பழைய அறிவு. 1460 வாக்கில் பிரான்சின் ஆன்ஷூ (Anjou) பகுதியின் ரெனே மன்னர் வகுத்த போட்டி நெறிகளில், வாள் நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும், அப்போதுதான் தலைக்கவசத்தின் பார்வைத் துளைக்குள் நுழையாது என்று இருக்கிறது. நடுவர்கள் பார்த்து முத்திரை குத்திய ஆயுதங்களுக்கே அனுமதி. உங்கள் குழுவிலும் பரிசோதித்த ஆயுதத்தில் அன்றைக்கான வண்ண ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டுங்கள். ஒட்டுத்தாள் இல்லாத வாள் வளையத்துக்குள் வரக் கூடாது.

பிறகு ஆட்டக்காரரை அசையச் சொல்லுங்கள். இரு கைகளையும் தூக்கட்டும்: முதுகில் சட்டை மேலேறிச் சிறுநீரகப் பகுதி வெளியே தெரிகிறதா? அண்ணாந்து பார்க்கட்டும்: தாடைக்கும் கழுத்துக்காப்புக்கும் நடுவே குரல்வளை தெரிகிறதா? முழங்காலிடட்டும்: முழங்கால் மூடி பக்கவாட்டில் நழுவுகிறதா? நேராக நிற்கும்போது மூடியிருக்கும் எல்லா இடைவெளியும் அசையும்போது திறந்துகொள்ளும்.

பிரம்பு வாளை நுனியிலிருந்து கைப்பிடிவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நைந்த இடத்தில் டேப்புக்கு அடியில் பிரம்பு நார் நாராகப் பிரிந்து துடைப்பம்போல் ஆகியிருக்கும். விரல் மெத்தென்று உள்ளே போகும். நல்ல பிரம்பைத் தரையில் தட்டினால் கெட்டியான ஓசை வரும், நைந்தது மந்தமாக ஒலிக்கும். குத்துவதற்கான நுனிப்பஞ்சு குறைந்தது அரை அங்குலம் அமுங்க வேண்டும். அழுத்தும்போது அடியில் பிரம்பு தட்டுப்பட்டால் பஞ்சு செத்துவிட்டது. எஃகு வாளானால் பழைய பருத்தித் துணியால் விளிம்பைச் சுற்றிப் பிடித்து இழுங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் பிசிறு. அரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும்.

நிறுத்தும் சொல்

ஆபத்தைக் கண்டவர் யாராக இருந்தாலும் "ஹோல்ட்!" என்று கத்தலாம், ஆட்டக்காரரும் கத்தலாம், கயிற்றுக்கு வெளியே நிற்பவரும் கத்தலாம். கேட்டவர் எல்லாரும் உடனே உறைந்து, சொல்லைத் திருப்பிக் கத்த வேண்டும். ஆயுதத்தைத் தாழ்த்தி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். குழு மோதலில் முழங்காலிடுவது நல்லது; நிற்பவர் யாரென்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். காரணத்தை மார்ஷல் உரக்கச் சொல்வார், சரிசெய்வார், இரு தரப்பையும் பார்த்து "தயாரா?" என்பார், தலையசைத்த பின்னரே தொடங்கச் சொல்வார். வளையத்துக்குள் தலைக்கவசத்தைக் கழற்ற மார்ஷல் அனுமதித்தால் மட்டுமே கழற்றலாம்.

அரை அங்குல மெத்தைக்குள் காது இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 1467இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆங்கிலப் பிரபு அந்தோணி வுட்வில்லும் பர்கண்டிப் பிரபு அந்துவானும் கோடரிகளால் மோதியபோது, இங்கிலாந்து அரசன் நான்காம் எட்வர்ட் தன் கோலை எறிந்து உரக்கக் கூவி நிறுத்தினார். அதன் பிறகும் இரண்டு மூன்று பலத்த அடிகள் விழுந்தன. அரசன் கூவியே கேட்கவில்லையென்றால், ஓரத்தில் நின்று ஒருமுறை முனகும் மார்ஷலை யார் கேட்பார்கள்? சொல் குட்டையாக இருக்க வேண்டும், அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், அந்தச் சொல்லைப் பேச்சிலோ விளையாட்டிலோ வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. குரல் எட்டாதபோது மார்ஷல் கோலை ஆட்டக்காரரின் பார்வைக்கோட்டில் தாழ நீட்டலாம். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அவர் திரும்பும் வேகத்தில் வாளும் கூடவே வரும்.

மார்ஷல் நிற்கும் இடத்துக்கு எளிய வழி: ஆட்டக்காரர்கள் கடிகாரத்தின் 12லும் 6லும் இருந்தால் மார்ஷல்கள் 3லும் 9லும். அவர்கள் சுழலச் சுழல இவர்களும் சுழல வேண்டும், சுமார் 3 மீட்டர் விலகி. இருவரும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் மறுபக்கத்துக் கண் குருடு. பார்வையாளர் கயிற்றுக்கும் ஆட்ட எல்லைக்கும் இடையே மேலும் 3 மீட்டராவது விடுங்கள்.

பெரிய குழு மோதலில் மொத்தக் களத்தையும் நிறுத்துவதா, ஒரு மூலையை மட்டும் நிறுத்துவதா என்பது தனிச் சிக்கல். ஒரு மூலையில் வாள் உடைந்ததற்கு நாற்பது பேரையும் நிறுத்தினால், ஐந்தாவது தடவைக்குள் அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். மூலையை மட்டும் நிறுத்தினால், மறுபக்கத்திலிருந்து ஓடிவரும் அணி அசையாமல் நிற்பவர்கள்மேல் மோதும். நமது பரிந்துரை: காயம், ஆள் விழுதல், தலைக்கவசம் கழன்றுபோதல் ஆகியவற்றுக்கு எப்போதும் முழுக் களமும் நிற்க வேண்டும். உடைந்த ஆயுதத்துக்கு, அந்த ஆளை மட்டும் கோல் காட்டி வெளியே அழைத்துக்கொள்ளலாம். இருபது பேருக்கு நான்கு மார்ஷல்கள், அதில் ஒருவர் கயிற்றை மட்டும் பார்க்க.

தலையில் பலத்த அடி வாங்கியவர் மெதுவாகப் பதில் சொன்னால், அல்லது எந்தச் சுற்று என்று கேட்டால் குழம்பினால், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மார்ஷல் ஏற்கக் கூடாது, வாங்கியவர் சொல்வதே தீர்ப்பு என்ற முறையிலும் ஏற்கக் கூடாது. தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. வெப்பத்துக்கும் இதே கேள்விமுறைதான்: தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பதில், வியர்வை நின்றுபோதல் தெரிந்தால் கவசத்தைக் கழற்றி, குளிர்வித்து, மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள்.

அப்படியானால் எது?

பன்னிரண்டு பேருக்குக் குறைவான, ஒருவரையொருவர் அறிந்த குழுவுக்கு முதல் முறை. பிரம்போடு தொடங்குங்கள். ஒருவர் வாக்கை ஒருவர் நம்பாத சூழல் இருந்தால் இந்த முறை நிற்காது, அதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வீர்கள். வெளிக் குழுக்களை அழைத்துப் பரிசுப் போட்டி நடத்துகிறீர்கள், ஆயுதம் எஃகு, இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றால் கொடி முறை. நடுவர்களை அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள், களைத்த கண் ஊகிக்கத் தொடங்கும். இரண்டையும் கலக்கவும் செய்யலாம்: பயிற்சி நாளில் வாங்கியவர் வாக்கு, இறுதிச் சுற்றில் மட்டும் கொடி. இந்தக் கலவைதான் நடுத்தரக் குழுக்களுக்கு மிகவும் பொருந்துகிறது. பயிற்சியில் அடியை ஒப்புக்கொண்டு பழகியவர்கள் கொடி உயருமுன்பே கையைத் தூக்கிவிடுவார்கள். நடுவரின் பாரம் பாதியாகிறது.

மார்ஷல் பட்டியலை ஆட்டப் பட்டியலுக்கு முன்பே எழுதிவிடுங்கள். அன்று ஒருவர் வராவிட்டால் ஒரு வளையத்தை மூடிவிட்டு, அங்குள்ளவர்களை மற்ற வளையத்தின் வரிசையில் சேர்க்க வேண்டும்.